இடது பக்கத்துச் சாவி

எஸ்தரிடம் தொழில் பழக வந்தபோது ஏகாம்பரத்துக்குத் தலை பாதி நரைத்திருந்தது. எஸ்தருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் பாரிமுனைக் கடிகாரக் கடைக்காரர்கள் கூப்பிடுவதைப் போல அவரும் 'டீச்சர்' என்றே கூப்பிட்டார். எஸ்தர் அவரை 'அண்ணே' என்றார்.

விலை உயர்ந்த வெளிநாட்டு வாட்சுகளைப் பார்த்து மதிப்புச் சொல்வது எஸ்தரின் வேலை. அதிலும் கம்பெனி செய்த கூட்டைக் கழற்றிவிட்டுத் தங்கத்தில் புதுக் கூடு போட்டது, வைரம் பதித்தது, டயலை மாற்றியது என்று யாரோ கை வைத்த வாட்சுகள்தான் அவரிடம் அதிகம் வரும். கம்பெனிக்காரர்கள் அவற்றைத் தொடக்கூட மாட்டார்கள்.

ஏகாம்பரம் அதற்கு முன்பு ஒரு பெரிய நகைக்கடையில் பழைய தங்கம் வாங்கும் கவுன்ட்டரில் இருந்தவர். அங்கே குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். கண்டுபிடித்தால் மட்டும் போதாது, நாலு பேர் காதில் விழும்படி சொல்லவும் வேண்டும். கொண்டு வந்தவர் முகம் தொங்கினால் பேரம் சுலபமாகிவிடும். அந்த வித்தையில் ஏகாம்பரத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான்.

“டீச்சர், மாத்தின வாட்சோட தரத்தை எதை வெச்சு சொல்றது?”

“பாத்துக்கிட்டே இருங்கண்ணே” என்பார் எஸ்தர்.

ஏகாம்பரமும் பார்த்தார். மூடி எங்கே பொருந்துகிறது, கல்லுக்குப் போட்ட துளை சுத்தமாக இருக்கிறதா, கூட்டின் மஞ்சளும் பட்டையின் மஞ்சளும் ஒன்றா என்றெல்லாம் பார்த்தார். கெட்டிக்காரர், சீக்கிரம் பிடித்துக்கொண்டார். கொஞ்ச காலத்தில் இனி பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்ற நினைப்பும் வந்துவிட்டது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு நாள் காலை மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் கோதண்டம், மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். அவர் பின்னால் மாப்பிள்ளை நிரஞ்சன். கடைசியாக, கையில் ஒரு பெட்டியோடு, பெண்ணின் அப்பா அழகர்சாமி. தேனிப் பக்கம் வாழைத்தார் வியாபாரம் செய்பவர்.

“கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளைக்குச் சம்பந்தி கட்டிவிடப் போற வாட்ச்” என்றார் கோதண்டம். “இன்னும் மாப்பிள்ளையே பாக்கலை. இன்சூரன்ஸ் எடுக்கணும், அதான் ஒரு பார்வை பாத்து மதிப்பு எழுதிக் குடுத்துடுங்க.”

இன்சூரன்ஸ் என்று வாய் சொன்னது. கண் வேறு எதையோ சொன்னது. அது அழகர்சாமிக்கும் தெரியும். தெரிந்துதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

எஸ்தர் உள்ளறையில் ஒரு வாட்சின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். திறந்த மெஷினைத் தூசிக்குக் கொடுத்துவிட்டு எழுந்து வர முடியாது. இப்படியான நேரத்தில் வந்தவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பதுதான் ஏகாம்பரத்தின் வேலை.

“குடுங்க, நானே பாக்கறேன்” என்றார் ஏகாம்பரம்.

வாட்சைக் கையில் எடைபோட்டார், காதில் வைத்துக் கேட்டார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். பிறகு, நகைக்கடைப் பழக்கம் போகுமா, உரைகல்லை எடுத்து வாட்சின் ஓரத்தை அதில் ஒரு இழு இழுத்தார். வளையலை உரசலாம். வாட்சின் ஓரத்தை உரசக்கூடாது, அந்தக் கூர்மை போனால் போனதுதான். இதை எஸ்தர் அவருக்கு முதல் வாரமே சொல்லியிருந்தார்.

அழகர்சாமி நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“கூடு கம்பெனியோடது இல்லை” என்றார் ஏகாம்பரம். குரல் தானாகவே பழைய கவுன்ட்டர் குரலாகிவிட்டது. “ஸ்டீல் வாட்ச் வாங்கி, யாரோ ஆசாரிகிட்டக் குடுத்துத் தங்கக் கூடு போட்டிருக்காங்க. கல்லெல்லாம் கோணல். தங்கம் இருபத்திரண்டு கேரட்.”

“நல்லதுதானே?” என்றார் கோதண்டம்.

“வளையலுக்கு நல்லது. வாட்சுக்கு எவன் போடுவான்? கதவுல இடிச்சா பள்ளம் விழுந்துடும். கம்பெனிக்காரன் பதினெட்டுக்கு மேல போகவே மாட்டான்.”

“நல்ல தங்கமா இருக்கட்டும்னு நாந்தான்...” என்று அழகர்சாமி ஆரம்பித்தார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. நிறுத்திக்கொண்டார்.

“இதைப் பாருங்க, சாவி குடுக்கற குமிழைக் கொண்டுபோய் இடது பக்கம் வெச்சிருக்கான். செஞ்சவனுக்கு வலது எது, இடது எதுன்னே தெரியலை போலிருக்கு!”

ஏகாம்பரம் சிரித்தார். கோதண்டமும் சிரித்தார். நிரஞ்சன் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப டூப்ளிகேட்டுன்னு சொல்லுங்க” என்றார் கோதண்டம்.

இந்தத் தொழிலில் மாற்றிய வாட்ச் வேறு, டூப்ளிகேட் வேறு. ஏகாம்பரத்துக்கு அது நன்றாகத் தெரியும். உள்ளே ஓடுவது அசல் மெஷின் என்பதைக் காதில் வைத்துக் கேட்டபோதே கண்டுகொண்டிருந்தார். 'அப்படி இல்லைங்க' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

ஆனால் கோதண்டம் அவரைப் பெரிய டாக்டரைப் பார்ப்பதுபோல வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நாளாக யாரும் ஏகாம்பரத்தை அப்படிப் பார்க்கவில்லை. அது இனித்தது. அந்த இனிப்பைக் கெடுத்துக்கொள்ள மனம் வராமல் அவர் பேசாதிருந்தார். லேசாகத் தலையைக்கூட ஆட்டியிருக்கலாம்.

கோதண்டம் போனை எடுத்து வாய்க்கு அருகே பிடித்தார். “எல்லாரும் கேட்டுக்குங்க. நான் நெனச்சது சரியாப் போச்சு. வாட்ச் டூப்ளிகேட்டாம். கடைல உரசிப் பாத்தே சொல்லிட்டாங்க.” விரலை எடுத்தார். அது அவர்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அழகர்சாமியின் முகம் செத்துப்போயிற்று. காலிப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். “நான் ஒரிஜினல்னு யாருகிட்டயும் சொல்லலையேய்யா” என்றார். அதைக்கூட மெதுவாகத்தான் சொன்னார்.

திறந்த மெஷினை மூடி வைத்துவிட்டு எஸ்தர் உள்ளேயிருந்து வந்தார். எவ்வளவு கேட்டாரோ தெரியாது. ஏகாம்பரத்தை அவர் பார்க்கவில்லை. மேஜையிலிருந்த வாட்சை எடுத்தார். திருப்பிப் பார்த்தார், காதில் வைத்தார், மறுபடி திருப்பிப் பார்த்தார். பிறகு நிரஞ்சனிடம் போனார்.

“தம்பி, கையை நீட்டுங்க.”

நிரஞ்சன் வலது கையை நீட்டினான்.

எஸ்தர் அந்தக் கையில் வாட்சைக் கட்டிவிட்டார். “சாவி குடுங்க.”

நிரஞ்சனின் இடது கை தானாகவே போய்ச் சாவியைப் பிடித்துத் திருகியது. இரண்டு சுற்றுச் சுற்றியதும் விரல்கள் நின்றுவிட்டன. அவன் தலை நிமிர்ந்து அழகர்சாமியைப் பார்த்தான்.

“மாமா... நான் வலது கைல கட்டுவேன்னு...”

“நிச்சயத்தன்னைக்குப் பாத்தேன் மாப்ளே” என்றார் அழகர்சாமி. “உங்களுக்கு இடது கைப் பழக்கம். சாவி வலது பக்கமா, முழங்கையைப் பாத்து இருந்ததால, உங்க வாட்ச் நின்னுபோன ஒவ்வொரு தடவையும் கழட்டி, திருகி, திரும்பக் கட்டினீங்க. பந்தில உக்காந்துகூட கழட்டினீங்க. கம்பெனில கேட்டேன், மாத்த முடியாதுன்னுட்டாங்க. கூட்டையே புதுசா செஞ்சாத்தான் சாவிக்கு இடது பக்கம் துளை போட முடியும்னு ஆசாரி சொன்னாரு. செய்யிறதுதான் செய்யிறோம், தங்கத்துல செய்யட்டும்னு...” காலிப் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினார். “எனக்கு இதுல வெவரம் பத்தாது. தப்பாச் செஞ்சுட்டேன் போல.”

ஏகாம்பரத்துக்கு உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு கூசியது. செய்தவனுக்கு வலது இடது தெரியவில்லை என்று சிரித்த சிரிப்பு இன்னும் அந்த அறையிலேயே இருப்பதுபோல இருந்தது.

“மெஷின் அசல்” என்றார் எஸ்தர் கோதண்டத்திடம். “கூடு மாத்தினது. இது டூப்ளிகேட் இல்லை.”

“இந்த ஐயா சொன்னாரே?”

எஸ்தர் நிரஞ்சனின் கையிலிருந்த வாட்சின் பட்டையைச் சரிசெய்தார். இப்போதும் ஏகாம்பரத்தைப் பார்க்கவில்லை.

“நான் சொல்லலை” என்றார் ஏகாம்பரம்.

அது உண்மைதான். அந்த வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னதும் அவருக்கே அசிங்கமாக இருந்தது. திருடியவன் கையை விரித்துக் காட்டுவதுபோல இருந்தது.

கோதண்டம் தர்மசங்கடத்தோடு போனைத் தடவினார். “அழிச்சிடறேன். அழிச்சாப் போச்சு.”

“கேட்டுட்டாங்களே மாமா” என்றான் நிரஞ்சன். அவனுடைய போன் சட்டைப் பையில் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

“எம்பொண்ணும் அந்தக் குரூப்புல இருக்கா” என்றார் அழகர்சாமி. “போன வாரந்தான் சேத்துவிட்டாங்க.”

ஏகாம்பரம் எழுந்தார். கோதண்டத்திடம் போய்க் கையை நீட்டினார்.

“அந்தப் போனைக் கொஞ்சம் குடுங்க. நான் பேசறேன்.”

முதல் தடவை அவர் பேசியது நீளமாக இருந்தது. மாற்றிய வாட்ச் என்றால் என்ன, கேரட் என்றால் என்ன, எந்தச் சூழ்நிலையில் ஒரு தவறான புரிதல் உண்டாகிவிட்டது என்று வகுப்பே எடுத்துவிட்டார். அனுப்புவதற்கு முன்னால் எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரம் அதை அழித்தார். காது மடல் சிவக்க, மறுபடி பேசினார்.

“வணக்கம். கடையில வாட்சைப் பாத்தவன் நான்தான். பேரு ஏகாம்பரம். அந்த வாட்ச் டூப்ளிகேட் இல்லை. அவர் டூப்ளிகேட்டான்னு கேட்டப்ப, இல்லைன்னு தெரிஞ்சும் நான் பேசாம இருந்தேன். என்னைப் பெரிய ஆளா நெனச்சுக்கிட்டு இருந்தாங்க, அது எனக்குப் பிடிச்சிருந்தது. மாப்பிள்ளைக்கு இடது கைப் பழக்கம்னு மாமனார் பாத்துப் பாத்துச் செஞ்ச வாட்ச் இது. நான் அதைச் சொல்லிச் சிரிச்சேன். வாட்சோட ஓரத்தை உரசினதும் நான்தான். தப்பு என்னோடது.”

அனுப்பிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அவருடைய மகன் வயதுக்காரன் ஒருவன் முன்னால், முன்பின் தெரியாத ஒரு குடும்பம் முழுக்கக் கேட்க அப்படிப் பேசியிருந்தார். கோதண்டம்கூட அவர் முகத்தைப் பார்க்காமல் வாசல் பக்கம் நகர்ந்தார்.

நிரஞ்சன் வாட்சைக் கழற்றவில்லை. “கல்யாணத்தன்னைக்குத்தானே மாப்ளே கட்டணும்” என்று அழகர்சாமி பெட்டியைத் திறந்து காட்டினார். “இருக்கட்டும் மாமா” என்று சொல்லிவிட்டு அவன் மாமனாரின் கையிலிருந்து காலிப் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

கடைசியாகப் போன அழகர்சாமி, வாசலில் நின்று ஏகாம்பரத்தைக் கும்பிட்டார்.

“நீங்க உண்மையத்தானய்யா சொன்னீங்க. மனசுல வெச்சுக்காதீங்க.”

அவர் திட்டியிருந்தால் ஏகாம்பரம் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. பதிலுக்குக் கும்பிடக் கை எழும்பவில்லை.

எஸ்தர் உள்ளறைக்குப் போய் விட்ட வேலையைத் தொடர்ந்தார். ஏகாம்பரம் உரைகல்லைத் துடைத்து, துணியில் சுற்றி, தன் பைக்குள் வைத்தார். சாப்பாட்டு நேரம் வந்தது. அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்து உள்ளறை வாசலில் போய் நின்றார்.

“டீச்சர், அந்த வாட்ச் நல்ல வேலைதானா?”

“இல்லைண்ணே. கல்லு கோணல்தான். தங்கமும் அதுக்கு ஆகாது, சீக்கிரம் தேயும்.”

“அப்ப நான் பாத்தது சரிதான்.”

“சரிதான்.”

“நீங்களா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பீங்க?”

“அதையேதான். மாமனாரை மட்டும் உள்ள கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். அதுக்கு முன்னாடி, எதுக்கு இப்படிச் செஞ்சீங்கன்னு கேட்டிருப்பேன்.”

ஏகாம்பரம் தலை குனிந்தார். நகைக்கடைக் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அதில் ஒருவரிடம்கூட அவர் அப்படிக் கேட்டதில்லை.

“நான் நின்னுக்கறேன் டீச்சர். இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை.”

எஸ்தர் கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார்.

“ரொம்ப வெக்கமா இருக்காண்ணே?”

“செத்துடலாம் போல இருக்கு. இது எப்ப போகும் டீச்சர்?”

எஸ்தர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். அன்று மாலைக்குள் பார்த்துச் சொல்லவேண்டிய இன்னொரு வாட்சை எடுத்து, ஏகாம்பரத்தின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“அது போக வேண்டாம்ணே. அது இருக்கிற வரைக்கும்தான் உங்களை நம்பி ஒரு வாட்சைக் குடுப்பேன்.”