உடைக்க விடாத நிபுணர்

தங்கவயலில் வீட்டுவேலை பார்க்கும் ஜெபமேரிக்கு, தன் வீட்டுக் கொல்லையில் கிணறு தோண்டும்போது மஞ்சள் கீற்றோடிய வெள்ளைக்கல் ஒன்று கிடைத்தது. மகளின் நர்சிங் படிப்புக்கு அதைத்தான் நம்பியிருந்தாள்.

விலை மதிக்க வந்தார் நிபுணர் தாமோதரம். வேகிற வெயிலில் கோட்டு வேறு! லென்ஸில் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"தங்கமே இல்லம்மா, சும்மா மினுக்குற இரும்புக்கல். பாவம்னு ஐந்நூறு தர்றேன். சீக்கிரம் குடு, ரயிலுக்கு நேரமாச்சு."

"அப்படியா சார்? தங்கம்னா அடிச்சா நசுங்கும், போலின்னா தூளாயிடும்னு சுரங்கத்துல சொல்லுவாங்க. பார்த்துடுவோம்" என்று அம்மிக் குழவியை ஓங்கினாள்.

"ஐயோ, உடைக்காதே! கல்லோட முழுசா இருந்தாத்தான் சேகரிக்கிறவங்க தங்கத்தைவிட ஜாஸ்தி விலை குடுப்பாங்க!" என்று அலறிக்கொண்டு கல்லின்மேல் கவிழ்ந்தார் தாமோதரம்.

ஜெபமேரி குழவியை இறக்கினாள்.

"எழுந்திரிங்க சார். இப்ப சொன்னீங்களே, அந்த விலையிலிருந்து பேசுவோம்."