கேட்காமல் அனுப்பிய பாட்டு

ஆற்றங்கரை ஊர் ஒன்றின் சபைக்கு ரூபன் ஐயர் குருவானவராக வந்தார். அந்தப் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். அவருக்கு வயது முப்பத்திரண்டு. அதே சபையில் பாடகர் குழுவை நடத்திவந்த தயாளன் சாருக்கு அறுபது தாண்டியிருந்தது.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் தயாளன் சாருக்குப் பிரசங்கம் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை வந்தது. சனிக்கிழமை சாயங்காலங்களில் ஐயர் வீட்டுக்கு வந்து, தன் மகன் வயதுள்ளவர் முன்னால் மாணவனாக உட்கார்ந்தார். அதில் அவருக்கு வெட்கம் இல்லை. வெட்கப்பட வேண்டியது வேறொன்று இருந்தது.

எப்சிபா சிறுமியாக இருந்தபோதே அவருடைய பாடகர் குழுவில் சேர்ந்தவள். எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எங்கே குரலை அடக்க வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். இப்போது அவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, எட்டுப் பாட்டுகளை ஆல்பமாக வெளியிட்டிருந்தாள். பணம் கட்டி போனில் இறக்கிக்கொள்ள வேண்டும்.

தயாளன் சாரும் மெட்டுப் போடுகிறவர்தான். பண்டிகைக்கு ஒரு பாட்டு. சபை அதைப் பாடும், மறுவாரம் மறந்துவிடும்.

ஆலய வாசலில் எப்சிபாவின் படம் போட்ட போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அன்றிலிருந்து அவர் பக்கவாட்டு வாசல் வழியாக உள்ளே போனார். "உங்ககிட்ட படிச்ச பொண்ணாமே சார்" என்று வெளியூர்க்காரர்கள் சந்தோஷமாகக் கேட்டார்கள். "ஆமா, ஆமா" என்று சிரித்தார். வீடு வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பு முகத்தில் வலித்தது.

நண்பர் ஒருவர் பணம் கட்டி இறக்கிய ஆல்பத்தை அவருக்கு நகல் எடுத்துக் கொடுத்தார். அன்றே தயாளன் சார் அதை எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பினார். பாடகர் குழு, பழைய மாணவர்கள், பக்கத்துச் சபைகள், ஒன்றையும் விடவில்லை. 'கர்த்தருடைய நாமம் மகிமைப்படட்டும்' என்று கீழே எழுதினார். ஒரே வாரத்தில் அது ஊரெல்லாம் பரவியது. "சும்மாவே வந்துட்டுது சார், நல்லவேளை நான் வாங்கலை" என்று ஒருவர் சொன்னார். கேட்கக் கேட்க அவருக்கு நெஞ்சு லேசானது.

அந்தச் சமயத்தில்தான் ஐயர் தயாளன் சாருடைய முதல் பிரசங்கத்துக்குத் தலைப்புக் கொடுத்தார்.

"பத்துக் கட்டளையில எட்டாவது, சார். களவு."

அடுத்த சனிக்கிழமை தயாளன் சார் ஒரு கேள்வியோடு வந்தார்.

"ஐயா, மாட்டைத் திருடினா தொழுவம் காலியாயிடும். பாட்டை எடுத்தா, பாட்டு பாடினவங்ககிட்ட அப்படியேதானே இருக்கு. குறையாத பொருளை எடுக்கிறது களவாகுமா?"

"யார் பாட்டு?"

"எப்சிபாவோடது. நான்தான் எல்லாருக்கும் அனுப்பினேன்."

"எதுக்கு அனுப்பினீங்க?"

"நாலு பேர் கேட்கட்டும்னுதான். கர்த்தர் கொடுத்த பாட்டு. அதுக்கு ஒரு விலையா?"

"நீங்க கேட்டீங்களா சார்?"

"அவகிட்டயா? கேட்கலை. கேட்டா கொடுப்பாளா?"

"அதை நான் கேட்கலை. பாட்டைக் கேட்டீங்களா?"

எட்டில் ஒன்றைக்கூடத் தயாளன் சார் கேட்டிருக்கவில்லை.

"கேட்டுட்டு வாங்க. பிரசங்கத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் ஐயர்.

இரண்டு நாள் அவரால் முடியவில்லை. போனை எடுப்பார், கீழே வைப்பார். மூன்றாம் நாள் மத்தியானம், அவர் மனைவி சுகிர்தம் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். மெட்டு புதிது.

"அது என்ன பாட்டு?"

"எப்சி பாட்டுதான். நீங்கதானே அனுப்பினீங்க."

முப்பது வருடத்தில் அவருடைய மெட்டு எதையும் சுகிர்தம் மீன் கழுவும்போது பாடியதில்லை. அவர் மாடிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, முதல் பாட்டிலிருந்து கேட்க ஆரம்பித்தார்.

சனிக்கிழமை ஐயர் கேட்டார்: "எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு ஐயா."

"அப்புறம்?"

"அதுதான் தாங்கலை. ஒரு பாட்டாவது மோசமா இருக்கும்னு கடைசி வரைக்கும் காத்துக்கிட்டிருந்தேன். எட்டும் நல்லா இருந்துச்சு. நாலாவது பாட்டுல மூச்சு எடுக்கிறா பாருங்க, நான் சொல்லிக்கொடுத்த இடத்துல. அங்கதான் எனக்கு ரொம்ப எரிஞ்சுது."

"ம்."

"ஜனங்க கேட்கணும்னு நான் அனுப்பலை ஐயா. அவ பாட்டுக்கு விலை இல்லாமப் போகணும்னுதான் அனுப்பினேன்."

"இதைச் சொல்ல வேண்டிய வீடு இது இல்லை, சார்."

தயாளன் சார் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். எப்சிபாவின் வீடு ஆற்றுக்குப் போகிற தெருவில் இருந்தது. கூப்பிட்டதும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்க சார், உட்காருங்க. நம்ம வீட்டுக்கு வந்து எத்தனை நாளாச்சு."

அவர் உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"பாட்டு கேட்டேன்."

அவள் முகம் மாறியது. பழைய நாட்களில் பாடி முடித்ததும் அவர் என்ன சொல்வாரோ என்று பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"எல்லாத்தையுமா சார்?"

"எல்லாத்தையும்."

"நாலாவதுல, மேல போற இடத்துல கொஞ்சம் இழுத்துட்டேன், இல்லையா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவள் நம்புவாள்.

"இல்லை. சரியாத்தான் இருக்கு" என்றார். "அடுத்தது எப்போ?"

"இனிமே இல்லை சார். வயலின் வாசிச்சவருக்கே இன்னும் கொடுத்து முடியலை. எல்லார் போன்லயும் சும்மா வந்துட்டுது, யார் வாங்குவாங்க? ஆறு பாட்டு எழுதி வெச்சிருக்கேன். அது அப்படியே கிடக்கட்டும்."

மழை பெய்யவில்லை என்று சொல்வது போலச் சொன்னாள்.

"முதல்ல அனுப்பினது யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். நீங்கதான்."

அவர் தரையைப் பார்த்தார்.

"வருத்தமாத்தான் இருந்துச்சு. எங்க வீட்டுக்காரருக்கு ரொம்பக் கோபம். உங்ககிட்ட வந்து கேட்கிறேன்னு கிளம்பிட்டாங்க. நான்தான் தடுத்தேன். சாருக்கு அவ்வளவு பிடிச்சுப்போச்சு, தனக்குள்ள வெச்சுக்க முடியாம எல்லாருக்கும் அனுப்பிட்டாங்கன்னு சொன்னேன். பணம் வராட்டாலும் சாருக்குப் பிடிச்சிருக்கேன்னு நினைச்சுக்குவேன். எனக்கு அந்த ஒண்ணு போதும் சார்."

உள்ளே போய் டீ கொண்டுவந்தாள். அவர் குடித்தார். குடித்துவிட்டு, வாரேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

நேராக ஐயர் வீட்டுக்கே திரும்பினார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"நீங்க உண்மையைச் சொல்லலையா?" என்று ஐயர் கேட்டார்.

"நாக்கு எழும்பலை ஐயா. எனக்குப் பிடிச்சுப்போய் அனுப்பினேன்னு நினைச்சு எவ்வளவு நன்றியா இருக்கா தெரியுமா. அதை எதுக்குக் கெடுக்கணும்? அவளுக்கு மிச்சம் இருக்கிறதே அது ஒண்ணுதான். அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே."

ஐயர் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"பாட்டை விலை கொடுக்காம எடுத்தீங்க சார். இந்த நன்றியையும் அப்படியே எடுத்துக்கப் போறீங்களா?"