அரக்கு முத்திரைக்குள் ஒரு குற்றம்

மாவிலிக்காடு ஜமீனில் குற்றச்சாட்டை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். சாட்டப்பட்டவன் ஒப்புக்கொண்ட பிறகே அதைப் பிரிப்பது வழக்கம். ஒப்புக்கொண்டால் பத்துக் கசையடி, மறுத்தால் இருபது.

ஒருநாள் குதிரைக்காரன் வீரணனை இழுத்து வந்தார்கள்.

"குற்றச்சாட்டுன்னா ஆளு முகத்துக்கு நேரா சொல்றதுதானுங்களே எசமான்? சொன்னா பதில் சொல்லுவேன்."

"சொன்னால் யோசித்துப் பொய் சொல்லுவாய். முதலில் ஒப்புக்கொள்" என்றார் ஜமீன்தார்.

"சரிங்க, ஒப்புக்கறேன். ஆனா தனியாச் செய்யலீங்க. நீங்களும் கூட இருந்தீங்க. யோசனையே உங்களுதுதான்."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

"நானா? நான் என்னடா செய்தேன்?"

"அது உறைக்குள்ள இருக்குதுங்களே. நீங்களும் ஒப்புக்கிட்டா பிரிச்சுப் பாக்கலாம்."

ஜமீன்தாருக்கு ஆத்திரத்தில் எல்லாம் மறந்துபோனது. எழுத்தரைப் பார்த்து, "உறையைப் பிரித்து உரக்கப் படி" என்று கத்தினார்.

"இப்பவேங்களா?" என்று தயங்கிய எழுத்தர் முத்திரையை உடைத்தார். உள்ளே இருந்தது வெற்றுக் காகிதம்.

"அவன் ஒப்புக்கிட்ட பிறகு எழுதிக்கலாம்னு எசமான்தான் சொன்னீங்க" என்று முனகினார்.

கசையோடு நின்ற காவலன் கையை இறக்கிவிட்டான்.

வீரணன் பணிவாகக் கும்பிட்டான். "யோசனை உங்களுதுன்னு அப்பவே சொன்னேனுங்களே."