காலியான ஐந்தாவது ஆசனம்

ஆழிமங்கல நாட்டின் உயர் நியாயமன்றத்தில் ஐந்து ஆசனங்கள். ஐவரில் ஒருவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் நாலு பேர். இரண்டு பேர் வணிகர் பக்கம், இரண்டு பேர் கரைக்காரர் பக்கம்.

மன்றத்தின் முன் இருந்தது ஒரே வழக்கு. ஆனால் நாட்டையே பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த வழக்கு. துறைமுகக் கரையில் நானூறு மீனவக் குடிசைகள் இருந்தன. அங்கே கிடங்கு கட்டியே தீருவோம் என்றார்கள் வணிகர்கள். ஒரு குடிசையைத் தொட்டாலும் ஒரு படகு நகராது என்றார்கள் கரைக்காரர்கள். இரண்டு பக்கமும் கம்பு சீவிக்கொண்டிருந்தது.

ஐந்தாவது ஆசனத்தில் உட்காருகிறவர் சொல்வதுதான் தீர்ப்பு. இது தெருவில் போகிறவனுக்குக்கூடத் தெரியும்.

ராஜாவுக்குச் சின்ன வயது, ஆனால் பலே கெட்டிக்காரர். "பெயரை நீரே சொல்லும்" என்று மந்திரி நல்லசிவத்தின் தலையில் கட்டிவிட்டார். "நல்லபடியாக முடிந்தால் என் ஆட்சி. கலவரம் வந்தால் உம் பதவி."

பாவம் நல்லசிவம். ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு வழி தோன்றியதும் விடியற்காலையிலேயே பல்லக்கு ஏறி மடத்துக்கு ஓடி வந்தார்.

மடத்துச் சாமி வயதில் மந்திரியைவிட எட்டு வருஷம் இளையவர். ஆனாலும் இருபது வருஷமாக அவர்தான் குரு. அன்று பௌர்ணமி, மடத்தில் எல்லோரும் தலை மழித்துக்கொள்கிற நாள். சாமி குனிந்து உட்கார்ந்திருந்தார். இருளப்பன் என்ற சீடர் கத்தியோடு பின்னால் நின்றார்.

"ஆள் கிடைத்துவிட்டார் சாமி!" என்றார் மந்திரி. "புவனேந்திரர். இரண்டு தரப்பும் சரி என்றுவிட்டது."

"ஏன் சரி என்றார்கள்?"

"தங்கமான மனிதர்."

"அது எனக்கும் தெரியும். அவர்கள் ஏன் சரி என்றார்கள்?"

மந்திரி தலையைச் சொறிந்தார். "வணிகர் தலைவர் அவரோடு தினமும் சதுரங்கம் ஆடுகிறார். பேசிப் பேசியே இழுத்துவிடலாம் என்று நினைக்கிறார்."

"கரைக்காரர்கள்?"

"அவர் பயந்த சுபாவம். வாசலில் நூறு பேர் நின்று கத்தினால் வழிக்கு வந்துவிடுவார் என்று நினைக்கிறார்கள்."

"அப்படியானால் தீர்ப்புக்கு முதல் நாள் அவர் வீட்டில் என்ன நடக்கும்?"

மந்திரி சொல்ல ஆரம்பித்தார். "உள்ளே ஒரு கூட்டம், வெளியே ஒரு கூட்டம்..." மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அசையாதீங்க சாமி" என்று இருளப்பன் அதட்டினார்.

மந்திரிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த இருளப்பன் போன வாரம் சபையிலேயே சாமியோடு சண்டை போட்டவர் ஆயிற்றே!

"இவர் உங்கள் மேல் கோபமாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்."

"ஒரு மாதமாக" என்றார் சாமி.

"ரொம்பக் கோபம்" என்றார் இருளப்பன்.

"அவர் கையிலா கத்தியைக் கொடுத்தீர்கள்?"

"இந்த மடத்தில் அதுதான் வழக்கம். அந்த மாதம் யாரோடு சண்டையோ அவர்தான் மழிக்க வேண்டும்."

"ஐயோ, பயமாக இல்லையா?"

"இருக்கிறதே! அதனால்தான் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறேன். முன்பு எனக்குப் பிரியமான சீடன் மழிப்பான். அவன்தானே என்று நான் பாட்டுக்குத் தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவேன். இதோ, காதுக்குப் பின்னால் தழும்பைப் பாரும்."

"இப்பவும் பேசிக்கிட்டுத்தான் இருக்கீங்க. வாயை மூடுங்க."

சாமி வாயை மூடிக்கொண்டார். வேலை முடிந்து தலையைக் கழுவிய பிறகுதான் திறந்தார்.

"யார் வேண்டும் என்று இரண்டு பேரிடமும் கேட்டீர். யார் வரவே கூடாது என்று கேட்டீரா?"

மந்திரி கேட்டிருக்கவில்லை. அன்றே ஆள் அனுப்பினார். எவர் வரக்கூடாது, ஒரே ஒரு பெயர், ஓலையில் எழுதி முத்திரை வைத்துத் தரவும். வேண்டாதவரை ஒழித்துக்கட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? இரண்டு தரப்பும் சந்தோஷமாக எழுதிக் கொடுத்தது.

மூன்றாம் நாள் மந்திரி மடத்துக்கு வந்து, சாமி எதிரிலேயே வணிகர் ஓலையைப் பிரித்தார். உலகம்மை.

கரைக்காரர் ஓலையைப் பிரித்தார். அதிலும் உலகம்மை.

உலகம்மை மேற்கு மலைச் சீமையின் நியாயாதிபதி. முன்பு துறைமுகத்தில் இருந்தபோது வணிகர்களின் அளவு குறைந்த கள்ள மரக்கால்களைச் சந்தை நடுவில் போட்டு உடைக்கச் சொன்னவர். அடுத்த ஊர்க்காரன் வலையை அறுத்த குற்றத்துக்காகக் கரைக்காரர் தலைவரின் மகனையே ஆறு மாதம் உள்ளே தள்ளியவர்.

"இரண்டு பேரும் பயப்படுகிறார்களே, இவர்தான் உமக்கு ஆள்" என்றார் சாமி.

மந்திரியின் முகம் சுருங்கிப் போயிற்று.

"இந்த அம்மாள் வேண்டாம் சாமி."

"ஏன்?"

"குணம் சரியில்லை. யாரையும் மதிக்கமாட்டார்."

"யாரை மதிக்கவில்லை?"

மந்திரி தரையைப் பார்த்தார். "என் மைத்துனன் ஏரிக்கரையில் ஒரு வீடு கட்டினான். அதை இடிக்கச் சொல்லிவிட்டார். நான் யார் என்று தெரிந்தே சொன்னார். வீட்டில் என் மனைவி இன்றைக்கும் அந்தப் பெயரைக் கேட்டால் பாத்திரத்தை வீசுகிறாள்."

"வீடு இருந்தது யார் நிலத்தில்?"

ஒரு காக்கை வந்து, கத்தி, பறந்தும் போய்விட்டது. மந்திரி அது போன திசையையே பார்த்தார்.

"ஏரி நிலத்தில்" என்றார் கடைசியில்.

சாமி இரண்டு ஓலைகளையும் மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

மந்திரி வழியெல்லாம் தன்னோடு சண்டை போட்டுக்கொண்டே அரண்மனைக்குப் போனார். ராஜாவிடம் அந்தப் பெயரைச் சொன்னார்.

செய்தி தெரிந்ததும் வணிகர்கள் எகிறிக் குதித்தார்கள். கரைக்காரர்கள் தங்களைவிட உயரமாகக் குதிப்பதைப் பார்த்ததும் கொஞ்சம் ஆறுதல் வந்து அடங்கினார்கள். கரைக்காரர்களுக்கும் அதே ஆறுதல்தான். இந்த அம்மாள் ஏன் வேண்டாம் என்று வெளியே சொல்லவும் ஒருவருக்கும் வாயில்லை.

உலகம்மை வந்தார். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பினார். இருபது நாள் கரையை நடந்து பார்த்தார். குடிசைகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், கிடங்கு வடக்கு மேட்டில் வரட்டும், அந்த மேட்டுக்குப் பாதை விட வேண்டியது கரைக்காரர் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு பக்கமும் முணுமுணுத்தது. முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனது. ஒரு கூரை எரியவில்லை, ஒரு மண்டை உடையவில்லை.

மறுநாளே மந்திரி மடத்துக்கு வந்தார். சாஷ்டாங்கமாக விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர்.

"அப்பாடா! நேற்று இரண்டு தட்டுச் சோறு தின்றேன் சாமி. பகலிலேயே படுத்துத் தூங்கினேன்."

"மனைவி?"

"சாதம் போட்டாள். பேசவில்லை. அது போகட்டும், சரியாகிவிடும்."

சாமியும் சிரித்தார்.

மந்திரி எழுந்து உட்கார்ந்தார். "இனி எனக்குக் கவலையே இல்லை. எப்போது ஆசனம் காலியானாலும் இரண்டு ஓலை வாங்கிவிட வேண்டியதுதான்."

"அடுத்த தடவை அது பலிக்காது."

"ஏன் சாமி?"

"அவர்கள் என்ன முட்டாள்களா? வரவே கூடாதவர் என்று கேட்டால், தங்களுக்கு வேண்டிய ஆளின் பெயரைத்தான் எழுதித் தருவார்கள்."

மந்திரியின் சிரிப்பு நின்றது. "அட ஆமாம்! அப்போது நான் என்ன செய்வது?"

"யாரிடமும் கேட்காதீர். இவர் வரக்கூடாது என்று உமக்கு யாரைப் பற்றித் தோன்றுகிறதோ, அந்தப் பெயரை நீரே ஒரு ஓலையில் எழுதிப் பாரும். அவர்தான் ஆள். அந்த ஒரு ஓலையில்தான் உம்மால் பொய் எழுத முடியாது."