திரைச்சீலைக்குக் கீழே தெரிந்த செருப்பு

இதை எனக்கு முதலில் சொன்னவள் பிலோமினா. எங்கள் தெருவின் செபக் குழுவான அன்பியத்தைச் சேர்ந்தவள். போன தவக்காலத்தில் மூன்றாம் வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து வருகிறவர்களுக்குக் கஞ்சி காய்ச்ச, கோயிலுக்குப் பின்னால் இரண்டு பேரும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். தோல் பறக்காமல் இருக்க வீட்டிலிருந்து ஒரு பச்சைத் துணி கொண்டுவந்து கீழே விரித்திருந்தாள். "கண்ணுல தண்ணி வந்தா வெங்காயத்துக்குத்தான், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

கம்ப்யூட்டர் சமாச்சாரம் எனக்குப் பிடிபடாது. சாமான்களின் பெயரை மட்டும் என் சின்ன மகனிடம் கேட்டுத் திருத்திக்கொண்டேன். மற்றதெல்லாம் அவள் சொன்னபடிதான்.

பிலோமியின் கணவர் அமலதாஸ். திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்தொரு வருஷம் விற்பனைக்கு நின்றவர். அந்தக் கடையில் துணிக்கு விலைச்சீட்டு கிடையாது. ஆளைப் பார்த்துச் சொல்வதுதான் விலை. படியேறி வருகிறவரின் செருப்பைப் பார்த்தே எந்த அலமாரியைத் திறப்பது, எவ்வளவு சொல்லி எவ்வளவில் நிற்பது என்று அமலதாஸ் முடிவு செய்துவிடுவார். அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

கடையை மூடிவிட்டார்கள். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது.

வீட்டில் மகள் படித்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதை விற்கச் சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு சந்துக்குள் கொண்டுபோனார். பழைய கம்ப்யூட்டர் சாமான்கள் வாங்கி விற்கும் கடை. நடத்துகிறவள் ஷமீமா, முப்பத்தாறு வயது. சந்து முழுக்க அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். தலை நரைத்தவர்கள்கூட.

"ஆயிரத்து ஐந்நூறு குடுத்தா போதும்" என்றார் அமலதாஸ்.

அவள் பெட்டியைத் திறந்தாள். முக்கால் மணி நேரம் பார்த்தாள். ஒரு சீட்டில் இரண்டாயிரத்து அறுநூறு என்று எழுதி நீட்டினாள்.

"நான் கேட்டது ஆயிரத்து ஐந்நூறுதானே?"

"நீங்க அப்படிக் கேட்டீங்க. பெட்டி வேற சொல்லுதே."

மறுநாள் காலையில் அவர் மறுபடியும் போய் நின்றார். இந்த முறை கையில் ஒன்றும் இல்லை.

"இந்த வேலையை எனக்குக் கத்துக் குடுப்பீங்களா அக்கா?"

"உங்களைவிட இருபத்தோரு வயசு சின்னவ நான். திட்டினா தாங்குவீங்களா?"

"வீட்ல பழகியிருக்கு."

இதைக் கேட்டு நான் சிரித்ததும் பிலோமி உரித்த வெங்காயத்தை என் மேல் எறிந்தாள்.

நாலு மாதத்தில் அமலதாஸ் சோதிக்கும் வேலையைக் கற்றுக்கொண்டார். ஹார்டு டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எந்த போர்டில் எது உப்பியிருக்கிறது, எல்லாம் கை சொன்னது. ஆனால் விலை எழுதுவது மட்டும் வரவில்லை.

அந்தக் கடையில் ஒரு ஏற்பாடு உண்டு. சோதிக்கிற மேசை ஒரு பச்சைத் திரைச்சீலைக்குப் பின்னால். சாமானை ஷமீமா உள்ளே கொண்டுவந்து வைப்பாள். சோதித்துச் சீட்டில் விலை எழுதித் தர வேண்டும். வந்திருப்பவர் விற்க வந்தவரா, வாங்க வந்தவரா என்று சொல்ல மாட்டாள். கேட்டாலும் சொல்ல மாட்டாள்.

"எழுதுற விலையை நான் மாத்தாம எப்ப வெளியே குடுக்கிறேனோ, அன்னைக்கு இந்த மேசை உங்களுது. வர்ற கூலியில பாதி உங்களுக்கு" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

தினமும் எழுதினார். தினமும் அவள் சீட்டைப் படித்துவிட்டுப் பழைய பிஸ்கட் டின் ஒன்றில் போட்டுவிட்டு, வேறு சீட்டு எழுதி வெளியே கொடுத்தாள்.

திரைச்சீலை தரையிலிருந்து நாலு விரல் உயரத்திலேயே நின்றுவிடும். வந்தவரின் காலணி தெரியும். அமலதாஸ் குனிந்து பார்க்காமல் ஒரு சீட்டும் எழுதியதில்லை.

இதற்கிடையில் சென்னையிலிருந்து பிலோமியின் தம்பி போன் செய்தான். ஒரு அடுக்குமாடியில் வாட்ச்மேன் வேலை. தங்க இடம் உண்டு, ஆனால் ஒருத்தருக்குத்தான். மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து போகலாம். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"போகாதீங்கன்னு சொல்ல வாய் வரல. போங்கன்னு சொல்லவும் வரல. செபமாலையைக் கையில வெச்சுக்கிட்டு என்ன கேட்கிறதுன்னு தெரியாம உட்கார்ந்திருந்தேன்" என்றாள் பிலோமி.

அந்த வாரம் திங்கட்கிழமை. மேசையில் ஒரு ஹார்டு டிஸ்க் வந்தது. அமலதாஸ் குனிந்தார். திரைச்சீலைக்கு அடியில் வெள்ளை வெளேரென்று புது ஷூ. சோதித்தார். ஆயிரத்து இருநூறு என்று எழுதினார்.

ஷமீமா சீட்டை வாங்கிக்கொண்டு, மதியத் தொழுகை முடித்து வந்தாள். டின்னைத் திறந்து இன்னொரு சீட்டைத் தேடி எடுத்து, இரண்டையும் அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டும் உங்க எழுத்துதானேண்ணே?"

"ஆமாங்கக்கா."

"இது போன திங்கக்கிழமை எழுதினது. ஐந்நூறு. இது இன்னைக்கு. ஆயிரத்து இருநூறு. டிஸ்க் நம்பரைப் பாருங்க."

பார்த்தார். ஒரே நம்பர்.

"போன வாரம் ஒருத்தர் இதை விக்க வந்தாரு. எண்ணூத்தி ஐம்பதுக்கு நான் வாங்கி வெச்சேன். ஒரு வாரமா இந்த டின்னுக்குப் பக்கத்துலதான் கெடந்துச்சு. அதுக்குள்ள இதுக்கு என்ன ஆச்சுண்ணே?"

அமலதாஸ் திரைச்சீலைப் பக்கம் கை காட்டினார்.

"வாங்க வந்தவரு வசதியானவரு மாதிரி..."

"யாரு வந்தா?"

"அந்த வெள்ளை ஷூ..."

"அது என் தம்பியோட ஷூ. ஆளே வரலையே. கழட்டிப் போட்டுட்டு அவன் டீ குடிக்கப் போயிட்டான்."

வெறும் ஷூவுக்கு விலை சொல்லியிருக்கிறார் மனிதர்.

சீட்டுகளை அவள் பக்கம் தள்ளிவிட்டு அவர் கேட்டார். "கடைன்னா வாங்க ஒரு விலை, விக்க ஒரு விலைதானே அக்கா? இல்லாட்டி நீங்க எப்படிப் பிழைப்பீங்க?"

அவள் தான் எழுதிய ஒரு சீட்டைக் காட்டினாள். மேல் வரியில் சாமானின் விலை. அடுத்த வரியில், சோதித்த கூலி இருநூறு, ஏழு நாள் பொறுப்பு.

"நான் பிழைக்கிறது இந்த ரெண்டாவது வரியில. அதை டிஸ்க்குக்குள்ள ஒளிச்சு வைக்க மாட்டேன்."

"அப்ப முதல் வரி? சரியான விலை இதுதான்னு எப்படித் தெரியும்?"

அவள் எழுந்து போய்விட்டாள்.

"திரைச்சீலையையாவது இன்னும் கொஞ்சம் நீளமாப் போடலாமே! பிலோமி தைச்சுத் தருவா" என்றார் அவர் பின்னாலிருந்து.

"துணி பத்தாதுண்ணே."

வெள்ளிக்கிழமை. ஒரு மானிட்டர் வந்தது. அமலதாஸ் குனிவதில்லை என்று முடிவெடுத்திருந்தார். ஆனால் பென்சில் கீழே விழுந்துவிட்டது. எடுக்கக் குனிந்தார். திரைச்சீலைக்கு அடியில் நீல ரப்பர் செருப்பு. தேய்ந்து தேய்ந்து குதிகால் தரையில் பட்டது. அறுந்த வாரை ஊக்குப் போட்டு நிறுத்தியிருந்தது.

அவருக்கு மனசு தாங்கவில்லை.

"அக்கா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த ஒரு தடவை மட்டும் சொல்லுங்க. விக்க வந்தவங்களா, வாங்க வந்தவங்களா?"

"தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"வாங்க வந்திருந்தா குறைச்சு எழுதுவேன். விக்க வந்திருந்தா கூட்டி எழுதுவேன். பாவங்கக்கா."

"ரெண்டு பேரும் வந்திருந்தா?"

அவர் மறுபடி குனிந்தார். நீலச் செருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி. பழுப்பு நிறம். அதுவும் ஊக்குப் போட்டதுதான்.

"ஒருத்தங்க விக்கிறாங்க. ஒருத்தங்க வாங்குறாங்க. எந்தச் செருப்பு எதுன்னு நான் சொல்லப் போறதில்ல" என்றாள் ஷமீமா. "சீட்டு ஒண்ணுதான்."

அவள் வெளியே போய்விட்டாள்.

அமலதாஸ் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். ஒரு பக்கம் சாய்ந்தால் இன்னொரு ஊக்கு குத்தியது. வேறு வழியில்லாமல் மானிட்டரைப் பார்த்தார். போட்டார். திரை முழுக்க வெள்ளையாக வைத்துப் பார்த்தார், கறுப்பாக வைத்துப் பார்த்தார். வலது ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. நகத்தால் எடுத்தார். அடியில் கடுகளவு கறுப்புப் புள்ளி, அழியாத புள்ளி. படிக்கிறவர்கள் உட்காரும் தூரத்தில் நாற்காலியைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பின்பக்கம் கைவைத்துச் சூடு பார்த்தார்.

பிறகு எழுதினார். இரண்டாயிரத்து நூறு. சோதித்த கூலி இருநூறு, ஏழு நாள் பொறுப்பு. யாரும் கேட்காமல் மூன்றாவதாக ஒரு வரியும் எழுதினார்: வலது ஓரம் கடுகளவு புள்ளி, படிக்க இடைஞ்சல் இல்லை. பொட்டையும் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

ஷமீமா சீட்டை வாங்கினாள். படிக்கவில்லை. அப்படியே வெளியே கொண்டுபோனாள்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

"அய்யோ, பொட்டைக் கண்டுபிடிச்சிட்டாங்களா! நான்தான் ஒட்டினேன். புள்ளி தெரிஞ்சா யாரு வாங்குவான்னு..."

"எங்க காட்டுங்க. இதுவா? இதுக்கா பொட்டு வெச்சீங்க? எம்பொண்ணு பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறவ, இதைவிடப் பெரிய புள்ளி அவ கண்ணாடியிலேயே இருக்கு."

"விலை உங்களுக்குக் கூடுதலாத் தெரியுதா?"

"இல்லைங்க. உங்களுக்குக் குறைச்சலாத் தெரியுதா?"

"இல்ல. வெளியே ஒருத்தர் ஆயிரத்துக்குத்தான் கேட்டாரு."

"கூலியை ஆளுக்குப் பாதி போட்டுக்குவோமா?"

"போட்டுக்குவோம். பொட்டை நீங்களே வெச்சுக்கங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மானிட்டரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டோவில் ஏற்றும் சத்தம் கேட்டது. நீலச் செருப்பு யாருடையது என்று அமலதாஸ் கடைசி வரைக்கும் குனிந்து பார்க்கவில்லை. "நான் கேட்டேன். தெரியாதுன்னுட்டாரு" என்றாள் பிலோமி.

ஷமீமா உள்ளே வந்தாள். கையில் சீட்டு இல்லை. பிஸ்கட் டின் மூடியபடி இருந்தது.

"அக்கா, நீங்க படிக்கவே இல்லையே. விலை சரியா?"

அவள் மேசையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு தலைக்கு மேலே கம்பியைப் பார்த்தாள்.

"நாளைக்கு வந்ததும் இந்தத் திரைச்சீலையைக் கழட்டிடுங்கண்ணே."

அமலதாஸ் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

அவர் வரமாட்டார் என்று சொல்ல, அன்று சாயங்காலம் சென்னைக்குப் போன் செய்தது பிலோமிதான்.

சொல்லி முடித்து, அவள் பச்சைத் துணியின் நாலு மூலையையும் சேர்த்துத் தூக்கினாள். ஒரு மூலையில் கம்பி நுழைக்கிற வளையம் ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தோலை வேப்பமரத்தடியில் உதறிவிட்டு வந்தாள்.

இதை நீங்கள் யாருக்காவது சொன்னால், பிலோமினா சொன்னது என்று அவள் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள்.