மூன்று முத்திரை ஆணையும் மகாராஜாவின் விக்கலும்

முன்னொரு காலத்தில், பெயரே மறந்துபோன ஒரு நாட்டில், நல்ல மனமும் அவசர புத்தியும் சேர்ந்த ஒரு மகாராஜா இருந்தார். ஒருநாள் அவர் கோவிலுக்குப் போகும் வழியில், ஒரு போலி வைத்தியன் செங்கல் பொடியைச் சர்வரோக நிவாரணி என்று கூவி விற்பதைப் பார்த்தார். அதை வாங்கித் தின்ற ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் உருண்டுகொண்டிருந்தான்.

அந்தப் போலியைப் பிடித்து உள்ளே போட்டிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். மகாராஜாவுக்கு அது போதவில்லை. அரண்மனைக்குத் திரும்பியதும் சபையைக் கூட்டினார்.

"இன்று முதல் இந்த நாட்டில் ஒவ்வொருவருடைய உடம்பும் என் பொறுப்பு. அரண்மனை வைத்தியசாலை தவிர வேறு எங்கும் எவரும் மருந்து கொடுக்கக் கூடாது. கலிங்கராயரே, ஆணையை எழுதும்!"

கலிங்கராயர் முதல் அமைச்சர். ஆணை எழுதுவதென்றால் அவருக்கு அல்வா சாப்பிடுவது போல. நோயாளி ஓர் ஓலையில் மூன்று முத்திரை வாங்க வேண்டும் என்று எழுதினார். 'இவர் எங்கள் ஊர்க்காரர்' என்று ஊர் மணியக்காரர் முத்திரை. 'இவருக்கு நோய் உண்டு' என்று ஆரோக்கிய அதிகாரி முத்திரை. 'இந்த நோய்க்கு மருந்து உண்டு' என்று தலைமை வைத்தியர் முத்திரை. முத்திரை இல்லாதவருக்கு மருந்து கொடுத்தால் எல்லை ஆற்றுக்கு அப்பால் நாடு கடத்தல். மகாராஜா மகிழ்ந்துபோய், தம் கையாலேயே கடைசி வரியைச் சேர்த்தார்: 'அரசன் முதல் ஆண்டி வரை எவருக்கும் விலக்கில்லை.'

சபையில் விகடர் ஒருவர் இருந்தார். சிற்றம்பலம் என்று பெயர். மகாராஜாவுக்கு அவர்மேல் பிரியம். அதனாலேயே கலிங்கராயருக்கு அவரைக் கண்டால் ஆகாது. சிற்றம்பலம் மெல்லச் சொன்னார்: "மகாராஜா, வைத்தியசாலை கட்டுவது புண்ணியம். போலியைத் தண்டிப்பது நியாயம். ஆனால் ஒருவர் கால் இடறி விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் கை தானாக நீளும். அந்தக் கையை ஓலைக்காகக் காத்திருக்கச் சொல்லாதீர்கள்."

"விகடர் விகடத்தோடு நிற்கட்டும்," என்றார் கலிங்கராயர்.

ஆறு மாதம் போயிற்று. மக்கள் முத்திரைக்காக வரிசையில் நின்றார்கள். மூன்றாவது முத்திரை கிடைப்பதற்குள் சிலருக்குக் காய்ச்சல் போய்விட்டது. சிலர் காய்ச்சலோடு போய்விட்டார்கள். முத்திரை பெறாதவரை நோயாளி என்று பதிவதில்லை. ஆகவே நாட்டில் நோயாளிகள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள் என்று கலிங்கராயர் சபையில் வாசித்தார். மகாராஜா பூரித்துப்போனார்.

அந்த நாளில்தான் வெள்ளாயியைக் கயிறு கட்டிக் கொண்டுவந்தார்கள்.

வெள்ளாயி கூலிக்கு நெல் அவிப்பவள். அவள் வாசலில் பெரிய அடுப்பு எப்போதும் எரியும். அதன் ஓரத்தில் ஒரு கலயத்தில் சுக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். இருமிக்கொண்டு போகிறவரை நிறுத்தி ஒரு குவளை கொடுப்பாள். கலிங்கராயரின் பல்லக்கைத் தூக்கும் ஆள் ஒருவன் குளிரில் நடுங்கி அவள் வாசலில் விழுந்தான். அவனுக்கும் கொடுத்தாள். மறுநாள் அவன் தெம்பாகப் பல்லக்கைத் தூக்கினான். "நேற்று நடுங்கினாயே, எப்படிக் குணமாயிற்று?" என்று கலிங்கராயர் கேட்க, அவன் நன்றியோடு உண்மையைச் சொல்லிவிட்டான்.

"மருந்தெல்லாம் இல்ல சாமி, வெறும் சுக்குத் தண்ணி," என்றாள் வெள்ளாயி.

கலிங்கராயர் எழுந்தார். "மகாராஜா, நோயாளிக்கு நலம் கருதிக் கொடுப்பது எதுவானாலும் மருந்தே. கஞ்சியானாலும் சரி, பச்சைத் தண்ணீரானாலும் சரி. இதை ஆணையில் சேர்க்க உத்தரவு வேண்டும்."

மகாராஜா தலையசைத்தார். அந்த வரியும் ஏறியது. வெள்ளாயி கதறினாள். "என் வீட்டுக்காரரு ரெண்டு வருசமா கை கால் வராமப் படுத்துக் கிடக்காரு. என்னைய ஆத்துக்கு அந்தாண்ட தள்ளிட்டா அவருக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"

சிற்றம்பலம் முன்னால் வந்து வணங்கினார். "மகாராஜா, இந்த ஆணையால் மக்கள் துன்பப்படுகிறார்கள்."

"ஒரே ஒருவரைக் காட்டும்!" மகாராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மூன்று நாள் தருகிறேன். என் ஆணையால் துன்பப்பட்ட ஒருவரை இந்தச் சபையில் காட்டினால் இவள் வீட்டுக்குப் போகலாம். காட்டாவிட்டால் இவளோடு நீரும் எல்லை தாண்ட வேண்டும்."

கலிங்கராயர் விடவில்லை. "குற்றவாளியின் தெருவில் விகடர் கால் வைக்கக் கூடாது, மகாராஜா. சாட்சி ஜோடித்துவிடுவார். அவள் புருஷனுக்கு யாரும் திருட்டு மருந்து கொடுக்காதபடி வாசலில் ஒரு காவலனையும் நிறுத்துகிறேன்."

அதற்கும் உத்தரவாயிற்று.

சிற்றம்பலம் ஊரெல்லாம் அலைந்தார். சாட்சி சொல்ல ஒருவர்கூட வரவில்லை. முத்திரை இல்லாமல் நோயாக இருந்ததை ஒப்புக்கொண்டால் யார் மருந்து கொடுத்தது என்று கேட்பார்களே! தாடை வீங்கிய ஒருவன், "வெத்தல அடக்கியிருக்கேன் சாமி," என்றான். இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்த ஒருவர், "பாட்டுப் பழகுறேனுங்க," என்றார். கம்பளி போர்த்திக்கொண்டு வெயிலில் நடுங்கிய பெண்ணோ, "புதுக் கம்பளி, சும்மா போட்டுப் பாக்குறேன்," என்றாள்.

இரண்டாம் நாள் மாலை அவர் காவல் கொட்டகைக்குப் போய் வெள்ளாயியைப் பார்த்தார்.

"அவரு ரெண்டு நாளா பட்டினியா கிடப்பாரு, அய்யா. உசுரோட இருக்காரோ என்னவோ," என்றாள் அவள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "நீங்க ஏன் வாடிப்போய் இருக்கீங்க? சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

சிற்றம்பலம் அங்கிருந்து புறப்பட்டார். கோவிலுக்குப் போய்ச் சந்நிதியில் வெகுநேரம் நின்றார். பிறகு வீட்டுக்குப் போய், "பொரிமாவு இடி. நன்றாக நயமாக இருக்கட்டும்," என்று மனைவியிடம் சொன்னார்.

மகாராஜாவுக்குப் பொரிமாவு என்றால் உயிர். மூன்றாம் நாள் சபையில் சிற்றம்பலம் வெள்ளிக் கிண்ணம் நிறைய அதை நீட்டினார். மகாராஜா கை நிறைய அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். காய்ந்த மாவு தொண்டையில் அடைத்து, இரண்டாவது பிடியிலேயே விக்கல் வந்துவிட்டது.

"விக்!"

பணியாள் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தான். சிற்றம்பலம் குறுக்கே நின்றார்.

"பொறு அப்பா. தலைமை வைத்தியரே, விக்கல் நோயா, இல்லையா?"

தலைமை வைத்தியர் நேர்மையானவர். "சாஸ்திரத்தில் விக்கலும் நோய் வரிசையில்தான் சொல்லப்பட்டிருக்கிறது," என்றார்.

"அப்படியானால் மகாராஜா நோயாளி. இந்தத் தண்ணீர் மருந்து. முத்திரை ஓலை எங்கே?"

"மகாராஜாவுக்கு விலக்கு உண்டு!" என்று கத்தினார் கலிங்கராயர்.

"இல்லை என்று மகாராஜாவே தம் கையால் எழுதியிருக்கிறாரே."

"விக்!" என்றார் மகாராஜா. ஆமாம் என்றாரா, இல்லை என்றாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

"சரி, இப்போதே முத்திரை வைப்போம்! எங்கே முதல் முத்திரை?" என்றார் கலிங்கராயர். ஊர் மணியக்காரர் வைக்க வேண்டும். அரண்மனை எந்த ஊரைச் சேர்ந்தது? எழுத்தர்கள் ஓலைகளைப் புரட்டினார்கள். கிழக்கு ஊர் என்றார் ஒருவர். கோட்டைச் சுவர் மேற்கு ஊரில் இருக்கிறது என்றார் இன்னொருவர். அரண்மனை எந்த ஊர்க் கணக்கிலும் இல்லை என்றார் மூன்றாமவர்.

"தண்... விக்... ணீர்!" மகாராஜாவின் கண்கள் சிவந்துவிட்டன. அவர் கையை நீட்ட, செம்பு வைத்திருந்த பணியாள் பயந்துபோய் அதைத் தளபதியிடம் கொடுத்தான். தளபதி பொக்கிஷக்காரரிடம் தள்ளினார். பொக்கிஷக்காரர் கலிங்கராயரின் கையில் திணித்தார்.

"கொடுங்கள் அமைச்சரே," என்றார் சிற்றம்பலம். "நாடு கடத்தல்தானே தண்டனை? அரசர்மேல் உள்ள அன்புக்கு அது பெரிதா?"

கலிங்கராயரின் கை முன்னால் போயிற்று, பின்னால் வந்தது. ஆணையை எழுதியவருக்குத்தானே அதன் கூர்மை தெரியும்! செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

மகாராஜா அந்தச் சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவருடைய சோற்றைத் தின்ற அத்தனை பேரும் கை கட்டித் தலை குனிந்து நின்றார்கள்.

மூலையில் கயிறு கட்டப்பட்டு நின்ற வெள்ளாயிக்கு இதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கயிற்றோடு ஓடிவந்து, சிம்மாசனத்தைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"ஏய்யா! நேத்து என் வீட்டுக் கோழியத் திருடிட்டு ஓடினது நீதானே? நான் பாத்தேன்ல!"

சபை உறைந்துபோயிற்று. மகாராஜா சிம்மாசனத்திலிருந்து துள்ளி எழுந்தார்.

"நானா? கோழியா? என்ன துணிச்சல் உனக்கு! என்னைப் பார்த்தா... நான் ஏன் உன் கோழியை..."

பாதியில் நிறுத்தினார். தொண்டையைத் தடவிப் பார்த்தார்.

"நின்னு போச்சா சாமி?" வெள்ளாயி சிரித்தாள். "பிள்ளைகளுக்கு விக்கல் எடுத்தா இப்படித்தான் திடுக்குனு ஒரு பழியப் போடுவோம். நீங்க எடுக்கல சாமி. எங்கிட்டக் கோழியே கிடையாது."

"மகாராஜா, மறுபடியும் அனுமதியில்லாத வைத்தியம்!" என்றார் கலிங்கராயர்.

"உட்காரும்," என்றார் மகாராஜா.

சிற்றம்பலம் கைகூப்பினார். "ஆணையால் துன்பப்பட்ட ஒருவரைச் சபையில் காட்டச் சொன்னீர்கள். காட்டிவிட்டேன், மகாராஜா. இவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். நேற்றுவரை தாகம் என்றால் ஓடிவந்தவர்கள்தான்."

மகாராஜா வெள்ளாயியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தாமே இறங்கிவந்து கயிற்றை அவிழ்த்தார். "என்ன வேண்டும், அம்மா?"

"வீட்டுக்குப் போகணும் சாமி. மூணு நாளாச்சு," என்று சொல்லிவிட்டு அவள் ஓடத் தொடங்கினாள். மகாராஜா அவள் பின்னாலேயே நடந்தார். சபையும் நடந்தது.

தெருவில் சத்தமே இல்லை. வாசலில் காவலன் வேலோடு நின்றான். அடுப்பு அணைந்து கிடந்தது. வெள்ளாயி கதவைத் தள்ளினாள்.

உள்ளே அவள் கணவன், துவைத்த வேட்டி உடுத்தி, திருநீறு பூசி, தலையணையில் சாய்ந்திருந்தான். "வந்துட்டியா புள்ள?" என்றான். அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உன்னை யார் பார்த்துக்கொண்டார்கள்?" என்று மகாராஜா கேட்டார்.

"யாரும் வரலீங்க சாமி."

வாசலில் கூடிவிட்ட தெருக்காரர்களைக் கேட்டார். "நாங்க இந்தப் பக்கமே வரல," என்று ஒரே குரலில் சொன்னார்கள். காவலன், "நான் வாசலை விட்டு அசையவில்லை, மகாராஜா. ஈ எறும்புகூட உள்ளே போகவில்லை," என்றான்.

மகாராஜா கட்டிலைச் சுற்றிப் பார்த்தார். ஒரு மண் கலயம், மூக்கு உடைந்த கெண்டி, பித்தளைத் தூக்கு, மரச் சொப்பு, வாழையிலை மூடிய சட்டி. ஒன்று இருப்பதுபோல் இன்னொன்று இல்லை. கொல்லைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. கலயங்களுக்கு நடுவே ஒரு செப்புச் செம்பு. அதை எடுத்துத் திருப்பினார். காவல் வீரர்களுக்கு அரண்மனை கொடுக்கும் செம்பு அது. அடியில் அரச முத்திரை இருந்தது.

காவலன் முகத்தில் வேர்வை வழிந்தது.

சிற்றம்பலம் செம்பை எட்டிப் பார்த்தார். "பயப்படாதே அப்பா. முறைப்படி முத்திரை வைத்த தண்ணீர்தான்."

மகாராஜா சிரித்தார். தெருவே அதிரும்படி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். "ஊர் முழுக்க என் ஆணையை மீறியிருக்கிறது, சிற்றம்பலம். ஆண்டவனுக்கு நன்றி!"

தம் கழுத்து முத்து மாலையைக் கழற்றி விகடருக்குப் போட்டார். வைத்தியசாலை இருக்கட்டும், போலிகளுக்குத் தண்டனை இருக்கட்டும், மூன்று முத்திரை மட்டும் வேண்டாம் என்று அங்கேயே நின்று உத்தரவிட்டார். அதை உரக்க வாசிக்கும் வேலை கலிங்கராயருக்கு வந்தது.

அவர் வாசித்து முடித்ததும், "அந்தத் தூக்கு என்னுதுங்க," என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "கெண்டி எங்களுது," என்றது இன்னொரு குரல். காவலன் வேலைச் சுவரில் சாத்திவிட்டு, அடுப்புப் பற்றவைக்க வெள்ளாயிக்கு விறகு எடுத்துக் கொடுத்தான்.