அரசன் மேனியைக் கீறிய கை

முன்னொரு காலத்தில் வேங்கைக்காட்டு நாட்டை விடங்கராயன் என்றொரு அரசன் ஆண்டு வந்தான். எந்தப் படைக்கும் அஞ்சாதவன், மார்கழி வாடை வீசினால் மட்டும் நடுங்குவான். பிறவியிலேயே அவனுக்கு வறண்ட தோல். முழங்கையும் கெண்டைக்காலும் வெடித்துச் செதில் செதிலாக உதிரும். அரிப்பெடுத்தால் அரியணையாவது ஒன்றாவது, சபை பார்க்கப் பார்க்க முதுகைத் தூணில் தேய்ப்பான். அதைப் பார்த்துச் சிரித்த எவனும் மறுநாள் சபைக்கு வந்ததில்லை.

ஆவி பறக்கும் வெந்நீரில் கிடந்தால் அரிப்பு கொஞ்சம் அடங்கும். ஆனால் தண்ணீரை விட்டு எழுந்ததும் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். வெந்நீரே வேண்டாம் என்று சொன்ன அரண்மனை வைத்தியரை, நீராட்டு அதிகாரி பரிமளதாசர் கோள்மூட்டி நாட்டைவிட்டே துரத்தினார். பரிமளதாசர் இடித்த வாசனைப் பொடியைத்தான் அரசன் மேனியில் பரபரவென்று தேய்ப்பார்கள். விடிந்தால் படுக்கையெல்லாம் இரத்தம். அரசன் கொதித்துப்போய் ஓர் ஆணையிட்டான். அரசன் மேனியில் இரத்தம் வரவழைத்த கை யாருடையதானாலும் மணிக்கட்டோடு வெட்டப்படும்.

பழி தன் பொடிமேல் விழாமலிருக்க, தேய்த்துவிட்ட ஆளைப் பரிமளதாசர் காட்டிக் கொடுத்தார். முதலில் சாத்தன் கை போனது. அடுத்து அவன் தம்பி உடையான் கை போனது. இரண்டு முறையும் அமைச்சர் வெண்காடர் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் சோற்றைப் பிசையும்போதெல்லாம் தம் வலக்கையைப் பார்ப்பார், சோறு இறங்காது.

மூன்றாவதாக இருளாண்டியை இழுத்து வந்தார்கள். “சாமி, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கு. இந்தக் கை போனால் அதுகளுக்குக் கஞ்சி ஏது?” என்றான் அவன். வெண்காடருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. குற்றவாளி இவனல்ல, வேறொருவர் என்றார். பரிமளதாசருக்கு அவர்மேல் வெகுநாளைய காய்ச்சல். “அப்படியானால் நாளைக் காலைக்குள் அந்த ஆளை அமைச்சர் காட்டட்டும், மகாராஜா. காட்டாவிட்டால் அவர் கையையும் சேர்த்தே வெட்டுவோம்” என்றார். அரசனுக்கு இந்த மாதிரி பந்தயம் என்றால் சர்க்கரைப் பொங்கல். சரி என்றான்.

அமைச்சர் கேட்டது அதிகமில்லை. இருளாண்டி சிறையில் இருக்கட்டும், அரசருக்கு இன்று நீராட்டு வேண்டாம், பள்ளியறையில் யாரும் நுழையாமல் வெளியே பூட்டுங்கள் என்றார். பிறகு விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக் கொண்டுவந்து, கண்ணேறு கழியும் என்று சொல்லி அரசன் விரல் நுனிகளில் தாமே பூசிவிட்டார்.

காலையில் பூட்டைத் திறந்தார்கள். படுக்கையில் வழக்கம்போல் இரத்தம். அரசன் கத்திக்கொண்டே சபைக்கு வந்தான்.

வெண்காடர் கைகூப்பினார். “இரத்தம் வரவழைத்த கை யாருடையதானாலும் வெட்ட வேண்டும் என்பது தங்கள் ஆணை. அதில் யாருக்காவது விலக்கு உண்டா, மகாராஜா?”

“யாருக்கும் கிடையாது.”

“அப்படியானால் மேலாடையை விலக்கிக் கொஞ்சம் பாருங்கள்.”

தோளிலும் கழுத்திலும் முழங்கையிலும் கீறல்கள். ஒவ்வொரு கீறலிலும் நான்கு விரல் இழுத்த கரிக்கோடு, இரத்தத்தோடு கலந்து காய்ந்திருந்தது. அரசன் தன் நகங்களைப் பார்த்தான்.

“தூக்கத்தில் தாங்களே சொறிந்துகொள்கிறீர்கள். வெட்டுகிறவன் வாசலில் காத்திருக்கிறான். கூப்பிடட்டுமா?” என்றார் வெண்காடர்.

அரசன் இரண்டு கைகளையும் மேலாடைக்குள் இழுத்துக்கொண்டான். வேறு வழியே இல்லையா என்று கேட்டான். கைகளுக்குச் சிறை போதும், இரவானால் மெல்லிய துணி சுற்றிக்கொள்ளுங்கள் என்றார் அமைச்சர். இருளாண்டியை விடுவிக்கவும், துரத்தப்பட்ட வைத்தியரைத் திரும்ப அழைக்கவும் சொன்னார்.

வைத்தியர் வந்து, கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் அரிசிக் கஞ்சியைக் கலக்கச் செய்தார். அதில் அரசன் சற்றுநேரம்தான் இருக்கலாம். பொடியும் கிடையாது, தேய்ப்பும் கிடையாது. துணியால் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். தை மாதத்துக்குள் அரிப்பு தணிந்தது. நோய் போய்விடவில்லை, அது போகிற நோயுமல்ல. நாலு நாள் அசட்டையாக இருந்தால் மறுபடி தலைகாட்டும். ஆனால் அரசன் பல வருடங்களுக்குப் பிறகு விடியும்வரை தூங்கினான்.

பரிமளதாசரின் பதவி போனது. சாத்தனுக்கும் உடையானுக்கும் வேளாவேளைக்குச் சோறு பிசைந்து ஊட்டுவதே இனி அவர் வேலை என்று அரசன் தீர்ப்புச் சொன்னான்.

பிறகு அமைச்சரைக் கூப்பிட்டான். அந்த நாட்டில் அரசன் ஒருவரைப் பெருமைப்படுத்தினால் வலக்கையில் தன் கையாலேயே தங்கக் காப்பு பூட்டுவான். வெண்காடர் கையை நீட்டவில்லை. தமக்கு முன்பே இதற்கு உரியவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி, சாத்தனையும் உடையானையும் அழைத்துவந்து நிறுத்தினார்.

அரசன் காப்போடு இறங்கி வந்தான். வழக்கத்தை மீறக்கூடாதே என்று சாத்தன் வலக்கையை நீட்டினான். அது மணிக்கட்டோடு முடிந்திருந்தது. அரசன் காப்பை மாட்டினான். அது கழன்று தரையில் விழுந்து உருண்டது. மறுபடி எடுத்து மாட்டினான், மறுபடியும் விழுந்தது.

“எனக்கு வேண்டாம், மகாராஜா. தங்குவதற்கு இடமில்லை” என்றான் சாத்தன்.

அன்று முதல் தன் கைகளில் துணி சுற்ற அரசன் எந்த வேலைக்காரனையும் கூப்பிடவில்லை. ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, தானே கட்டிக்கொள்வான்.